நாலு விரல் இடைவெளி

அவருக்கு 'அளவுகோல்' என்ற பட்டப்பெயரை ஊர்க்காரர்கள் ஆசையாக வைத்தார்கள் என்று அவர் சொல்வார். அவரே வைத்துக்கொண்டு ஊர்க்காரர்களுக்குப் பழக்கிவிட்டார் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். எது உண்மையோ, அவருடைய லாரியின் நெற்றியில் மஞ்சள் பெயின்ட்டில் அந்தப் பெயர் முழ நீளத்துக்கு எழுதியிருந்தது. பெயின்ட்டை வாங்கிவந்தவர் அவர்தான்.

லாரியைப் பின்னால் எடுப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவர் கட்சி. முன்னால் ஓட்டுவதை அவர் ஒரு வேலையாகவே மதிப்பதில்லை. "முன்னாடி போறதுக்குக் கண்ணு இருந்தா போதும்யா. பின்னாடி போறதுக்கு முதுகுல மூளை வேணும்" என்பார். டீக்கடை பெஞ்சில் யாரும் மறுத்ததில்லை. மறுத்தால் இன்னொரு டீ ஆறும்வரை விளக்கம் கேட்க வேண்டியிருக்கும்.

சாட்சிக்கு அவர் காட்டுவது சொந்த வீட்டு வாசலை. சந்தோ குறுகல். சந்திலிருந்து முற்றத்துக்குள் லாரி நுழையும் வழி அதைவிடக் குறுகல். வலது பக்கம் சுற்றுச்சுவர். இடது பக்கம் தகரக் கொட்டகை. அதில்தான் அவர் மனைவி தார்ப்பாய் தைக்கிறாள். லாரிக்கும் கடைகளுக்கும் போர்த்துகிற கனத்த தார்ப்பாய். நீளத் தையலுக்கு மிஷின்; ஓரங்களுக்கு, உள்ளங்கையில் தோல்பட்டை கட்டிக்கொண்டு, கோணி ஊசியை அழுத்தி அழுத்தித் தைக்கும் வேலை. கொட்டகையின் மூலையைக் "கண்ட கண்ட டிரைவருங்க" இடித்துவிடக் கூடாதே என்று அளவுகோலே முன்னொரு காலத்தில் அங்கே இரும்புக் கம்பம் ஒன்றை நட்டார். மாலையில் லாரி முகத்தை உள்ளே நீட்டி நுழையும்போது பாதியில் நிறுத்தி, இறங்கி, லாரியின் உடம்புக்கும் கம்பத்துக்கும் நடுவில் விரல்களை வைத்துக் காட்டுவார். கச்சிதமாக நாலு விரல். "வரும்போது நாலு விரல்னா காலையில ரிவர்ஸ்ல போகும்போதும் நாலு விரல்தானே? இல்ல, ராத்திரி லாரி பெருத்துடுமா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கும் யாரும் பதில் சொன்னதில்லை.

ஒரு மழைக்காலத்தில், லோடு இறங்கக் காத்திருந்து லாரிக்குள்ளேயே தூங்கியதில், அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. பிடித்தது விடவில்லை. வலது பக்கம் திரும்பும். இடது பக்கம் திரும்பாது. இடப்பக்கத்திலிருந்து யாராவது கூப்பிட்டால், பீரோவை நகர்த்துவதுபோல உடம்பு முழுவதையும் திருப்பித்தான் பார்ப்பார். இதை அவர் ஒரு மரியாதை என்று எல்லோரையும் நினைக்கவைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு குணமும் உண்டு. சந்தேகம். டீயை முகர்ந்து பார்க்காமல் வாய்வைத்ததில்லை. பஞ்சர் ஒட்டினால் பஞ்சரைக் காட்டச் சொல்வார். காட்டினால், "இது என் டயர்ல வந்ததுதானா?" என்பார். மனைவியின் தம்பி மீது அவருக்கு இருந்தது இன்னும் ஒரு சுற்று பெரிய சந்தேகம். மச்சினன் இரண்டு சந்து தள்ளி வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். அமைதியானவன். அமைதியாக இருக்கிறவன் எதையோ கணக்குப் போடுகிறான் என்பது அளவுகோலின் முடிவு. போதாததற்கு, அவன் சமீபத்தில் கனரக வண்டி லைசென்ஸ் வேறு எடுத்திருந்தான். வெல்டிங் வைக்கிறவனுக்கு லாரி லைசென்ஸ் எதற்கு?

இப்படி இருக்கையில் லாரியின் ஸ்டீரியோ செத்துப்போனது. லாரியோடு கம்பெனியிலிருந்தே வந்த ஸ்டீரியோ. அதன் சின்னத் திரையில்தான் பின்பக்கக் கேமராவின் படமும் வரும். அந்தப் படத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்ப்பது இழுக்கு. ஆகவே அது செத்தபோது பாட்டுக்காக மட்டும் வருத்தப்பட்டார்.

அந்த வாரம்தான் குடோன் மேனேஜர் புது உத்தரவு போட்டார். அளவுகோலுக்கு நிரந்தரமாக லோடு தருவது அந்தக் கண்ணாடி குடோன் ஒன்றுதான். வீட்டு அடுப்பு எரிவது அதில்தான். மேனேஜர் கழுத்தில் விசில் மாட்டிய மனிதர். அந்த விசிலை அவர் ஊதி யாரும் கேட்டதில்லை. ஆனால் கழற்றியும் பார்த்ததில்லை.

"திங்கட்கிழமையில இருந்து பின்பக்கக் கேமரா வேலை செய்யாத வண்டி உள்ள வரக்கூடாது. நானே பக்கத்துல உக்காந்து பார்ப்பேன். திரையைப் பார்த்து ரிவர்ஸ் எடுத்துக் காட்டணும். காட்டாதவங்க லோடை வேற வண்டிக்கு மாத்திடுவேன்."

"சார், எனக்கெதுக்கு சார் கேமரா? என் பேரே..."

"பேரை வெச்சுக் கண்ணாடியைக் காப்பாத்த முடியாதுங்க" என்றார் மேனேஜர். சுற்றி நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்பதை அளவுகோல் மனதில் ஏற்றிக்கொண்டார்.

சனிக்கிழமை, சந்தையில் ஒரு பெரிய திரை வைத்த ஸ்டீரியோவை வாங்கிக்கொண்டு அதைப் பொருத்தும் கடைக்குப் போனார். கடைப் பலகையில் 'வாகன ஒலி ஒளி ஆலோசகர்' என்று போட்டிருந்தது. ஆலோசகர் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். அவருடைய ஆலோசனைகளெல்லாம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

"கேமரா கம்பெனி ஃபிட்டிங். ஸ்டீரியோ வெளிய வாங்கினது. ரெண்டுக்கும் பிளக் சேராதுண்ணே."

"சேராதா, சேர்க்க மாட்டியா?"

"நடுவுல ஒரு கன்வெர்ட்டர் போடணும். கம்பெனி கேமரா ஆறு வோல்ட்டுதான் தாங்கும். நேராக் கரண்ட் குடுத்தா எரிஞ்சிடும்."

"எரிஞ்சா உனக்கென்ன, நீ புதுக் கேமரா ஒண்ணு வித்துடுவே."

ஆலோசகர் வெளியே தலையை நீட்டிப் பார்த்தார். அளவுகோல் ஸ்டீரிங்கை விட்டு இறங்கவே இல்லை. வண்டியை விட்டு இறங்கினால் உள்ளே எதையாவது மாற்றிவிடுவார்கள். மனைவி கட்டிக்கொடுத்த சோற்றையும் அவித்த முட்டையையும் ஸ்டீரிங் மேலேயே வைத்துச் சாப்பிட்டார். சாப்பிடும்போதும் கண் ஆலோசகரின் கைமேல்.

"எரிக்க மாட்டேண்ணே. கன்வெர்ட்டர் போட்டாச்சு. அடுத்தது, ரிவர்ஸ் லைட்டுக்குப் போற வயர்ல இருந்து ஒரு கிளை எடுக்கணும். ரிவர்ஸ் கியர் போட்டா மட்டும் படம் வர்றதுக்கு."

"அதுக்கு எதை வெட்டுவே?"

"வெட்டறதில்ல. தோலை லேசாக் கீறி..."

"கீறல் எல்லாம் வெட்டோட தம்பிதான். என் கம்பெனி வயர்ல கத்தி படக் கூடாது."

"அப்ப படம் எப்படி வரும்?"

"அதைத்தான் நீ ஆலோசிக்கணும். பலகையில போட்டிருக்கே."

ஆலோசகர் சற்று நேரம் ஆலோசித்தார். "அப்ப ஸ்டீரியோவுக்குக் கரண்ட் வர்ற வயர்லயே இதையும் கட்டிடறேன். சாவியை ஒரு திருப்புத் திருப்பினாலே பின்னாடி தெரியும். ரிவர்ஸ் போட்டாலும் தெரியும், போடாட்டியும் தெரியும். எப்பவும் தெரியும். அது முறையில்ல, சொல்லிட்டேன்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

அளவுகோலின் முகத்தில் அன்றைக்கு முதன்முறையாக வெளிச்சம் வந்தது. முதுகுக்குப் பின்னால் நடப்பது எப்போதும் தெரியும். இதற்காகத்தானே அவர் பிறந்ததிலிருந்து கஷ்டப்படுகிறார்.

"கட்டு" என்றார்.

படம் வந்தது. பளிச்சென்று, பெரிதாக. ஆலோசகர் திரையில் விரலை வைத்தபடி, "இதுல இன்னொரு செட்டிங் இருக்குண்ணே, படம் வந்து..." என்று ஆரம்பித்தார்.

"போதும். வந்திருச்சுல்ல? இனிமே ஒரு பட்டனைத் தொட்டே, கையைத் தட்டிடுவேன்."

"ஒரு நிமிஷம் கேளுங்க..."

"கேட்டா இன்னும் ஏதாவது வாங்கச் சொல்லுவே" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். வழியெல்லாம் முன்னால் பார்த்ததைவிடத் திரையில் பின்னால் பார்த்ததுதான் அதிகம்.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் விட்டு விட்டுப் பெய்தது. முற்றம் சேறானது. மனைவி கொட்டகையில் விளக்கைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். தகரத்தில் மழை விழுகிற சத்தமும் மிஷின் சத்தமும் மாறி மாறிக் கேட்டன. பொழுது மங்குகிற நேரத்தில் அளவுகோல் லாரியில் ஏறி உட்கார்ந்தார். பாட்டுக் கேட்கப் போவதாகச் சொன்னார். சாவியை ஒரு திருப்பு. இருட்டில் திரை விழித்தது. லாரியின் வால் சந்தைப் பார்த்து நின்றதால் திரையில் வாசல்வழி தெரிந்தது. தெரிந்தது என்றால், கேமராவின் கண்ணில் மழைத்துளி உட்கார்ந்திருந்ததால் எல்லாம் குழம்பில் விழுந்ததுபோல் தெரிந்தது.

அதில் ஒரு டார்ச் வெளிச்சம் அசைந்தது.

அளவுகோல் பாட்டை நிறுத்தினார். இரண்டு உருவங்கள். ஒன்று தலையில் தார்ப்பாய்த் துண்டைப் போட்டிருந்தது, மனைவி. மற்றது மச்சினன். இருவரும் குனிந்தார்கள். திரையில் அவர்கள் குந்தியிருந்தது வலது ஓரம். வலது பக்கத்தில்தான் லாரியின் டீசல் டேங்க் இருக்கிறது. மச்சினன் கையில் ஒரு டப்பா. இன்னொரு கையில் நீளமாக, வளைந்து தொங்குகிற ஒன்று. ரப்பர் ட்யூப். அதன் ஒரு முனையை எங்கோ கீழே விட்டான். மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினான். துப்பினான்.

அளவுகோலுக்கு உடம்பெல்லாம் காதானது. ஜன்னல் கண்ணாடியை ஒரு இழை இறக்கினார். மழைக்குள்ளே துண்டு துண்டாகத்தான் கேட்டது.

"...இன்னும் எத்தனை நாளைக்குக்கா இப்படி ஒளிஞ்சு ஒளிஞ்சு..."

"...சத்தம் போடாதே, உள்ளதான் இருக்காரு..."

"...நாளைக்கு வண்டியை நானே ஓட்டிடறேன்க்கா, நீ சொல்லு..."

அப்புறம் இருவரும் சிரித்தார்கள். இதுதான் அவரை அடித்தது. டீசலைத் திருடலாம். திருடிக்கொண்டே சிரிப்பார்களா?

அவர்கள் போனபிறகு இறங்கினார். ஒரு குச்சியை டேங்குக்குள் விட்டு டீசலை அளந்தார். அளவு குச்சியில் பாதிக்குமேல் இருந்தது. முன்னால் எவ்வளவு இருந்தது என்று அவருக்குத் தெரியாது. அதனால் குறைந்திருப்பது உறுதியாயிற்று.

சாப்பிடும்போது தூண்டில் போட்டார்.

"மழையில உன் தம்பி வந்த மாதிரி இருந்துச்சே?"

"தார்ப்பாய்க்கு இரும்பு வளையம் கேட்டிருந்தேன். குடுக்க வந்தான்."

"ஓகோ. வளையம்." சோற்றைப் பிசைந்தார். "வீட்டுல ரப்பர் ட்யூப் ஏதாவது கிடக்கா?"

அவள் கை ஒரு நொடி நின்றது. "எதுக்குங்க?"

"சும்மாதான்."

"தம்பிகிட்ட இருக்கும். கேட்டுப் பாக்கவா?"

எவ்வளவு நெஞ்சழுத்தம்! கேட்டுப் பார்க்கிறாளாம். அளவுகோல் குழம்பை முகர்ந்து பார்த்துவிட்டு ஊற்றிக்கொண்டார்.

படுத்தபின் எல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டது. லைசென்ஸ். 'நானே ஓட்டிடறேன்.' டீசல். திங்கட்கிழமை மேனேஜர் முன்னால் தன்னைத் தலைகுனிய வைத்தால் லோடு போகும். லோடு போனால் வண்டி மச்சினன் கைக்குப் போகும். லாரியின் நெற்றியில் அவன் பெயரை எழுத பெயின்ட்கூட வாங்கியிருப்பான். பக்கத்தில் மனைவி அயர்ந்து தூங்கினாள். குற்றம் செய்தவர்கள் எப்படித்தான் இப்படித் தூங்குகிறார்களோ என்று அவர் கண்விழித்து யோசித்தார்.

திங்கட்கிழமை வழக்கத்துக்கு முன்னால் எழுந்தார். மழை விட்டிருந்தது. மனைவி பின்கட்டில் அடுப்போடு இருந்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வீட்டு வாசற்கதவை இழுத்து வெளிப்பக்கம் பூட்டினார். இன்றைக்கு யாரும் தன் முதுகுக்குப் பின்னால் வரமுடியாது. மச்சினன் வருவதற்குள் கிளம்பிவிட வேண்டும்.

லாரியில் ஏறி ஸ்டார்ட் செய்தார். ரிவர்ஸ் கியர் விழுந்தது. பின்விளக்கு வெளிச்சத்தில் திரை துல்லியமாகத் தெரிந்தது. வாசல்வழி, சேறு, சந்து. கம்பமும் தெரிந்தது.

வலது பக்கத்தில்.

கம்பம் இருக்க வேண்டியது இடது பக்கம். அவர் கையால் நட்டது. அது எப்படி வலது பக்கம் போகும்? புதுத் திரையைச் சந்தேகப்படவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை; அது பெரிதாக இருந்தது. அவருக்குத் தோன்றியது இதுதான்: கம்பத்தையே பிடுங்கி அந்தப் பக்கம் நட்டுவிட்டார்கள். நேற்று மழையில் குந்தியிருந்து செய்தது டீசல் வேலை மட்டுமல்ல. பாவிகள்!

இறங்கிப் பார்க்கலாம். ஆனால் இறங்கிப் பார்ப்பது மற்ற டிரைவர்கள் செய்வது. வலது கண்ணாடியைப் பார்த்தார். அதில் கம்பம் எதுவும் இல்லை. கண்ணாடி பழசு. இடது கண்ணாடியைப் பார்க்கக் கழுத்து திரும்பவில்லை. "எனக்கேவா" என்று சொல்லிக்கொண்டு, வலது பக்கம் இருக்கும் கம்பத்துக்குத் தாராளமாக இடம் விட்டு, லாரியின் வாலை இடது பக்கமாக வீசினார்.

சத்தம் பெரிதாக இல்லை. முதலில் ஒரு 'ணங்'. அப்புறம் தகரம் நசுங்குகிற நீண்ட முனகல். ஒரு காலி டிரம் சந்தில் உருண்டுபோனது.

இறங்கி வந்தார். கம்பம் இடது பக்கத்தில்தான் இருந்தது. இருந்தது என்று சொல்லக் கூடாது, படுத்திருந்தது. கொட்டகையின் மூலைத் தகரம் கசக்கிய காகிதம்போல் உள்ளே போயிருந்தது. லாரியின் பின் பம்பரில் ஒரு பள்ளம். வீட்டு ஜன்னலிலிருந்து மனைவியின் குரல்.

"ஏங்க! கதவு வெளிய பூட்டியிருக்கு! என்ன சத்தம் அது? அய்யோ, கம்பத்தை எடுக்கலியே!"

எடுக்கலியே என்றால்?

அப்போது மச்சினன் சைக்கிளில் வந்து இறங்கினான். கையில் அதே டப்பா.

"என்ன மாமா, இன்னைக்கு இவ்வளவு சீக்கிரம்?"

"திருட வர்றவன் லேட்டா வந்தா நான் என்ன மாப்ள பண்ணட்டும்? டப்பாவுல என்ன?"

"கிரீஸு."

"ட்யூப் எங்க? நேத்து என் டேங்க்ல விட்டு உறிஞ்சினியே, அந்த ட்யூப்?"

மச்சினன் லாரியைப் பார்த்தான். டேங்கைப் பார்த்தான். "டேங்க் அந்தப் பக்கம் இருக்கு மாமா. நாங்க குந்தியிருந்தது இந்தப் பக்கம்."

"கேமராவுல பார்த்தேன்டா! வலது பக்கம்!"

"இதோ, இந்த இடம்" என்று மச்சினன் காலால் காட்டினான்.

காட்டிய இடத்தில் ஒரு குழி. மண்குழி அல்ல; நிலத்தோடு நிலமாகப் புதைத்த இரும்புக் குழாயின் வாய். கம்பம் அதிலிருந்துதான் சாய்ந்து வெளியே வந்திருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி, கொட்டகையை ஒட்டி, அதே அளவில் இன்னொரு குழாய் வாய். அதன் விளிம்பு தினமும் எதுவோ உரசி உரசிப் பளபளவென்று தேய்ந்திருந்தது. அளவுகோல் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முதல்ல அக்காவுக்குக் கதவைத் திறங்க மாமா."

திறந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. நேராகக் கொட்டகைக்குள் போய்த் தையல் மிஷினைத் தடவிப் பார்த்தாள். "மிஷின் தப்பிச்சுது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

"என்னைப் பூட்டிட்டா போனீங்க?"

"இதென்ன ரெண்டு குழி?"

"அதைக் கேக்கறதுக்கு முன்னாடி இதுக்குப் பதில் சொல்லுங்க."

"பூட்டினேன். சரி. இதென்ன ரெண்டு குழி?"

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் கிரீஸ் டப்பாவைப் பார்த்தான். கடைசியில் அவளே சொன்னாள்.

"ஒரு நாள் காலையில கம்பத்துல இடிச்சிட்டுப் போயிட்டீங்க. பாட்டுச் சத்தத்துல உங்களுக்குத் தெரியல. கம்பம் வளைஞ்சுபோச்சு. தம்பியைக் கூப்பிட்டு நிமுத்தி வெச்சேன். சாயங்காலம் வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். நீங்க டீக்கடையில இருந்து ஆளைக் கூட்டிட்டு வந்து விரல் வெச்சுக் காட்டிட்டு நிக்கறீங்க. எப்படிச் சொல்ல?"

"அதனால?"

"அதனால தம்பி குழாய் புதைச்சான். காலையில நீங்க கிளம்பறதுக்கு முன்னாடி கம்பத்தைப் பிடுங்கித் தள்ளிச் சொருகிடுவோம். போனதும் பழைய இடத்துக்கு மாத்திடுவோம். நேத்து மழையில குழாய்க்குள்ள தண்ணி நின்னு கம்பம் இறுகிடுச்சு. ட்யூப் போட்டுத் தண்ணியை எடுத்தான். வாயில சேறு போயி துப்பினான். அதைப் பாத்துத்தான் சிரிச்சேன்."

"எவ்வளவு நாளா நடக்குது இந்தக் கூத்து?"

"உங்க கழுத்து பிடிச்ச மழைக்கு அடுத்த மழையில இருந்து."

"என் கழுத்துக்கு ஒண்ணுமில்ல."

"சரி. இடது பக்கம் தம்பி நிக்கறான். திரும்பிப் பாருங்க."

அளவுகோல் திரும்பினார். முதலில் கால், அப்புறம் இடுப்பு, தோள், கடைசியில் எல்லாவற்றோடும் சேர்ந்து தலை. சந்தில் உருண்ட டிரம்மை யாரோ காலால் நிறுத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப அந்த நாலு விரல்?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"நாலு விரலும் ஒரு சாணும். விரல் உங்களோடது. சாண் எங்களோடது."

அவர் லாரிப் படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பாக்கியிருந்த சந்தேகம் ஒன்று எழுந்தது. "வண்டியை நானே ஓட்டறேன்னு சொன்னியே மாப்ள. அதுவும் என் காதுல விழுந்துச்சு."

"சொன்னேன் மாமா" என்றான் மச்சினன். அவன் மறைக்கவில்லை. "இன்னைக்கு ஒரு நாளைக்கு. குடோன்ல மேனேஜர் பக்கத்துல உக்காந்து பார்ப்பாராம். அங்க ரெண்டு பக்கமும் சிமெண்ட்டுத் தூணு. அதையெல்லாம் நாங்க பிடுங்கி நட முடியாதுல்ல?"

"லைசென்ஸ்?"

"அதை நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றாள் மனைவி. "கழுத்து அந்தப் பக்கமும் பிடிச்சா என்ன பண்ணுவீங்க? மறைச்சது தப்புதான். ஆனா உங்ககிட்டச் சொல்றதைவிடக் கம்பத்தைப் பிடுங்கறது சுலபமா இருந்துச்சு."

அவர் எழுந்து ஏறி ஸ்டீரிங்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். அங்கே உட்கார்ந்தால்தான் அவருக்கு யோசனை வரும். சாவி திருகியபடியே இருந்தது, திரை எரிந்துகொண்டிருந்தது. மனைவி, உருண்டுபோன டிரம்மை எடுக்கச் சந்துக்குப் போனாள். போகும்போது அவரது வலது கண்ணாடியில் தெரிந்தாள். அதே நேரத்தில் திரையின் இடது ஓரத்தில் தெரிந்தாள். அளவுகோல் கண்ணாடியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியில் வலது, திரையில் இடது. அவருக்கு இருப்பதோ ஒரே மனைவி.

"ஏய்! அங்கேயே நில்லு! வலது கையைத் தூக்கு! தோல்பட்டை கட்டின கையை!"

அவள் தூக்கினாள். திரையில் அது இடது ஓரத்தில் எழுந்தது.

"மாப்ள, இந்தத் திரை பொய் சொல்லுதுடா" என்றார். அந்தக் காலையில் முதன்முறையாக அவர் சரியான ஆளைச் சந்தேகப்பட்டிருந்தார்.

ஆலோசகருக்குப் போன் போட்டார்கள். "அதைத்தாண்ணே சனிக்கிழமை சொல்ல வந்தேன். பேச விட்டீங்களா? கேமராவே படத்தை இடம் வலமாத் திருப்பித்தான் அனுப்புது. ஸ்டீரியோ அதை இன்னொரு தடவை திருப்புது. செட்டிங்ல மிர்ரர்னு இருக்கும், அதை அணைங்க" என்றது லாரிக்கு அடியிலிருந்து வருவதுபோன்ற ஒரு குரல். மச்சினன் தேடி அணைத்தான். மனைவி வலது பக்கத்துக்கே திரும்பி வந்தாள்.

பம்பர் பள்ளத்தை மச்சினன் சுத்தியலால் கொஞ்சம் தட்டினான். குடோனுக்குக் கிளம்பும்போது அளவுகோல் சாவியை நீட்டுவார் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவர் நீட்டவில்லை. இடது பக்கக் கதவைத் திறந்துவிட்டு, "ஏறு. இந்தப் பக்கத்துக்கு ஒரு கழுத்து வேணும்" என்றார்.

குடோனில் மேனேஜர் விசிலோடு ஏறி நடுவில் உட்கார்ந்தார். அளவுகோல் திரையைப் பார்த்தபடி, நிதானமாக, வாழ்க்கையில் முதன்முறையாகப் பயந்து பயந்து லாரியைப் பின்னால் எடுத்தார். இடது தூண் நெருங்கும்போது மச்சினன் இருமினான். அவர் ஸ்டீரிங்கை ஒடித்தார். வண்டி இரண்டு தூண்களுக்கும் நடுவில் போய், லோடு ஏற்றும் மேடையை முத்தமிடாமல் நின்றது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளிய பிறகும் திரையில் பின்பக்கம் தெரிந்துகொண்டே இருந்தது. மேனேஜர் அதைக் குனிந்து பார்த்தார்.

"ரிவர்ஸ் எடுத்த பிறகும் தெரியுதே?"

அளவுகோல் தோள் துண்டால் திரையை ஒருமுறை துடைத்தார். "எப்பவும் தெரியும் சார்" என்றார்.

"எப்பவுமா?" மேனேஜர் இறங்கி, மற்ற டிரைவர்களைக் கூப்பிட்டார். "பாருங்கய்யா! இவர் வண்டியில இருபத்துநாலு மணிநேரமும் பின்னாடி தெரியுது. இதுதான் பாதுகாப்பு! உங்க வண்டியில ரிவர்ஸ் போட்டாத்தானே வரும்? எல்லாரும் இவரு மாதிரி மாத்திட்டு வாங்க!" பிறகு, யாரும் எதிர்பாராத விதத்தில், அந்த விசிலை எடுத்து ஒருமுறை ஊதினார். உள்ளே தூசி இருந்ததால் சத்தம் வரவில்லை.

மாலையில் அளவுகோல் டீக்கடைக்குப் போகவில்லை. லாரி முற்றத்துக்குள் நுழையும்போது பாதியில் நிறுத்தவும் இல்லை. விரல் வைக்கவும் இல்லை. கம்பம் பழைய இடத்தில் நிமிர்ந்து நின்றது. கொட்டகை மூலைக்கு மனைவி ஒரு துண்டுத் தார்ப்பாயைத் தைத்து மூடியிருந்தாள். இரவு சாப்பாட்டில் குழம்பை அவர் முகர்ந்து பார்க்கவில்லை என்பதை அவள் கவனித்தாள், கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு வந்து லாரியில் ஏறி ஸ்டார்ட் செய்தார். திரை விழித்தது. அதில் அவர்கள் இரண்டு பேரும் நின்றார்கள், இந்த முறை சரியான பக்கத்தில். மச்சினனின் ஒரு கை கம்பத்தின் மேல் இருந்தது. பிடுங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் இருவரும் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கிறாரா, பார்க்கவில்லையா?

அளவுகோல் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். மெதுவாக விரித்துத் திரைமேல் போட்டு மூடினார். பாட்டைச் சத்தமாக வைத்தார். பிறகு ஹாரனை ஒரு தட்டுத் தட்டினார்.

பின்னால் இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது. பாட்டு போதுமான சத்தத்தில்தான் இருந்தது, இருந்தாலும் கேட்டது. அவர் நேராக முன்னால் வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கியரைப் போட்டார். போட்டுவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, துண்டின் ஓரத்தை லேசாகத் தூக்கிப் பார்த்தார்.

முழுசாக ஒரு சாண் தள்ளியிருக்கிறார்களா என்று.